ஏழு நாள் வீட்டில் தங்கிய பால்

1987 செப்டம்பர் 17 முதல் 23 வரையிலான ஏழு நாளைப் பற்றித் தமிழ்நாட்டில் மூன்று விதமான எழுத்து இருக்கிறது. வன்னியர் சங்கத்தின் எழுத்து ஒன்று. அதில் கோரிக்கையும் தியாகிகளின் பெயர்களும் இருக்கின்றன. அரசின் எழுத்து இன்னொன்று. அதில் வெட்டப்பட்ட மரங்களும் நின்றுபோன பஸ்களும் கைதுகளும் இருக்கின்றன. மூன்றாவது நம்முடைய எழுத்து. அதில் கொளுத்தப்பட்ட குடிசைகள் இருக்கின்றன. மூன்றும் எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் மூன்றையும் அடுக்கி வைத்துப் படித்தாலும் அந்த ஏழு நாளும் சேரி சனங்கள் என்ன தின்றார்கள், எங்கே படுத்தார்கள், எதைப் பேசிச் சிரித்தார்கள் என்பது கிடைப்பதில்லை.

சிரித்தார்களா என்று சில தோழர்கள் கோபப்படக்கூடும். குடிசை எரிந்த வாரத்தில் சிரிப்பைத் தேடுவது எரித்தவனுக்குச் சாதகமாகப் போய்விடாதா என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் தெருப் பெண்களிடம் அந்த வாரத்தைப் பற்றிக் கேட்டால் அவர்கள் பயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பாலைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். மல்லாட்டையைச் சொல்கிறார்கள். விடிந்த பிறகும் தூங்கினதைச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை வெட்டிவிட்டு நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டால் நாமும் கோட்டை வரலாறு எழுதியவர்களின் வேலையைத்தான் செய்கிறோம்.

கோட்டை வரலாறு

செஞ்சி என்றால் கோட்டை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த செஞ்சி முழுக்க ராஜாக்கள்தான். ஆனந்தகோன், நாயக்கர்கள், 1649இல் பிஜப்பூர், 1677இல் சிவாஜி. பிறகு ராஜாராம் உள்ளே இருக்க, அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டது. 1714இல் தேசிங்குராஜன் செத்தது. 1750இல் பிரெஞ்சுக்காரன், 1761இல் இங்கிலீஷ்காரன். ஒரு ராஜா போய் இன்னொரு ராஜா வந்தான் என்பதுதான் இந்தப் பாடம். எட்டு வருஷ முற்றுகையில் மலை அடிவாரத்துச் சனம் எப்படிக் கஞ்சி குடித்தது என்று ஒரு வரி கிடையாது.

கோட்டைக்குள் நெல் கொட்டி வைத்த களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. போகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதை நிரப்ப எவள் நட்டாள், எவன் அறுத்தான், எவன் தலைச்சுமையாக மலையேற்றினான் என்று கேட்கிற ஆளைக் காணோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நாலாவதாக ஒரு சின்ன மலையும் இருக்கிறது. அதன் பெயர் சக்கிலிதுர்க்கம். குதிரைச் சேணம், செருப்பு, தண்ணீர் இறைக்கும் தோல் சால், போர்முரசு இத்தனையும் தோல். தோல் இல்லாமல் எந்தக் கோட்டையும் ஒருநாள் நிற்காது. அந்தத் தோலைப் பதப்படுத்திய சாதியின் பெயர் ஒரு குன்றின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சனத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

2025 ஜூலையில் மராத்தியரின் ராணுவ நிலவெளிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது செஞ்சி. உலகமே பார்க்கப் போகிற கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சேரியின் ஏழு நாளை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த வாரம்

இளைய தோழர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1980இல் தொடங்கப்பட்ட வன்னியர் சங்கம், மாநிலத்தில் 20 விழுக்காடும் மத்தியில் 2 விழுக்காடும் தனி இடஒதுக்கீடு கேட்டு ஒருவாரத் தொடர் சாலை மறியலை அறிவித்தது. தொடங்கிய செப்டம்பர் 17 பெரியார் பிறந்தநாள். அன்று வியாழக்கிழமை. வடமாவட்டங்கள் முழுக்கச் சாலையோர மரங்கள் வெட்டிக் குறுக்கே தள்ளப்பட்டன. சென்னைக்கும் தெற்குக்கும் போக்குவரத்து அறுந்தது. போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் உயிர்விட்டவர்கள் என்று 21 பேரைச் சங்கம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. அதே நாட்களில் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பல ஊர்களில் சேரிக் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

இடஒதுக்கீடு கேட்டது தப்பென்று எந்த தலித்தும் சொல்ல முடியாது. குண்டடிபட்டுச் செத்தவர்களும் ராஜபரம்பரை இல்லை. நிலமில்லாதவர்களும் காணி நிலக்காரர்களுமாக இருந்த உழைப்பாளிச் சனம்தான். ஆனால் கோரிக்கை கோட்டையில் இருந்த அரசாங்கத்திடம் இருக்க, நெருப்பு ஏன் சேரிக்கூரைக்கு வந்தது என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

செஞ்சிக்கு இன்றுவரை ரயில் கிடையாது. கிழக்கே திண்டிவனம், மேற்கே திருவண்ணாமலை, தெற்கே விழுப்புரம் என்று எங்கே போனாலும் ரோடுதான். ரோட்டை அடைத்தால் செஞ்சி வட்டாரம் தீவாகிவிடும். எங்கள் சேரி கோட்டை மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. இரண்டு தெருவும் இன்னும் அங்கேதான் வாழ்கிறது. எனக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு. இங்கே நான் எழுதுவது கொஞ்சம் என் ஞாபகம், மிச்சம் எங்கள் தெருப் பெண்கள் சொன்னது.

பயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டு அப்போது ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது. விழுப்புரம் என்று சொன்னாலே பெரியவர்கள் குரல் இறங்கும். அந்த வாரம் தேய்பிறை. மகாளய அமாவாசையை நோக்கி நாளுக்கு நாள் இருட்டு கூடிக்கொண்டு போனது. இரண்டாம் நாள் ராத்திரி கிழக்கே வானம் செவந்து தெரிந்தது. எந்த ஊர் என்று தெரியவில்லை. "எரியறது வைக்கப்போரா வூடான்னு பாத்துக்கினே நின்னோம். வைக்கப்போருன்னா சீக்கிரம் அமுங்கும். அது அமுங்கல" என்றாள் பெரியம்மா. இந்தப் பயத்துக்குள்ளே வைத்துத்தான் பின்னால் வருவதை எல்லாம் படிக்க வேண்டும்.

பாலும் காப்பியும்

எண்பதுகளில் சேரிக்கு மாட்டு லோன் வந்தது. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்று அதற்குப் பெயர். எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டுக்கு அதில் கறவை மாடு கிடைத்தது. மாடு வந்ததே தவிர, பால் வீட்டில் தங்கியதில்லை. விடியக்காலையும் சாயந்தரமும் பால்காரர் சைக்கிளில் வருவார், கறந்த சூட்டோடு அளந்து கேனில் ஊற்றிக்கொண்டு செஞ்சிக்குப் போவார். பால் காசு லோனுக்கும் தவிட்டுக்கும் சரியாகப் போகும். கன்றுக்குட்டி முட்டிமுட்டிக் குடித்ததுபோக மிச்சம் முழுதும் கேனுக்கு. எங்கள் வீட்டு மாட்டுப்பால் என்ன ருசி என்று எங்களுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலையில் பால்காரர் வரவில்லை. சாயந்தரமும் வரவில்லை. பெண்களுக்கு அடிவயிறு கலங்கியது. பால் கெட்டுவிடும், தவணை நிற்கும். காய்ச்சி வைத்தார்கள். ராத்திரி பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு டம்ளர் ஊற்றினார்கள். மாடு இல்லாத வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டார்கள். மறுநாள் தயிர் வந்தது. அதற்கு மறுநாள் பானை பானையாக மோர். மாடு இல்லாத வீடுகள் கேழ்வரகு மாவு கொடுத்தன. கூழில் மோர் ஊற்றி, வெங்காயம் கடித்துக்கொண்டு தெருவே குடித்தது.

என் அத்தை ஒருத்தி இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "கெட்டுப்பூடுமேன்னுதான் புள்ளைங்களுக்கு ஊத்துனேன். இல்லன்னா ஊத்தியிருப்பனா? பால்காரன் வந்திருந்தா அந்தப் பாலு செஞ்சிக்கில்ல போயிருக்கும்?" சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "அந்த ஏழு நாளுதாம்பா என் புள்ளைங்க பாலு குடிச்சிது."

சத்துக்குறைவு பற்றி எத்தனையோ அறிக்கைகள் வருகின்றன. தன் மாட்டின் பாலைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க ஒரு தாய்க்கு ரோடு அடைபட வேண்டியிருந்தது என்பது அந்த அறிக்கைகளில் வராது.

அடுத்தது காப்பி. ஊரில் இருந்த டீக்கடை அந்த வாரம் மூடிக்கிடந்தது. அந்தக் கடையில் எங்கள் ஆட்களுக்கான கிளாஸ் கூரை எரவாணத்தில் செருகியிருக்கும். எடுத்துக் கழுவிக்கொண்டு போய் நீட்டினால் மேலேயிருந்து ஊற்றுவார்கள். குந்திக் குடித்துவிட்டுக் கழுவித் திரும்பச் செருக வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழி கிடையாது. காலையில் வாய்க்குச் சூடாக ஏதாவது வேண்டுமே.

கடை மூடியதும் எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆயா மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். சுக்கு தட்டி வெல்லம் போட்ட வரக்காப்பி. காசு இருந்தால் கொடு, இல்லாவிட்டால் விறகு கொண்டுவா என்றாள். வீட்டுக்கு வீடு லோட்டா எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து குடித்தார்கள். அப்போது ஒரு பெரியவர் சொன்ன வார்த்தை எங்கள் தெருவில் இன்னும் உலவுகிறது: "ஏ, மூணு நாளா நாம ஒருத்தனும் எரவாணத்துல கைய வெக்கில, பாத்தியா?" எல்லாரும் சிரித்தார்கள். அது வெறும் சிரிப்பு இல்லை என்று இன்று புரிகிறது. தன் கையால் லோட்டாவைப் பிடித்துத் தன் வாசலில் உட்கார்ந்து குடிப்பது இத்தனை சுலபமா என்று அன்றுதான் சிலருக்குத் தோன்றியது. பின்னாளில் எங்கள் தெருவில் ஒரு பொட்டிக்கடை வந்து அங்கேயே டீ போட ஆரம்பித்தபோது, "மறியல் வாரத்துக் காப்பி" என்றுதான் ஆரம்பத்தில் கிண்டல் செய்தார்கள்.

தூக்கம்

எங்கள் பெண்கள் பலர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஊர்த்தெருவுக்குப் போய் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுவார்கள். அதற்கு மாதத்துக்கு இவ்வளவு தானியம், பொங்கலுக்கு ஒரு புடவை. அந்த வாரம் யாரும் போகவில்லை. ஊருக்குள் கால் வைக்கப் பயம். கூலி இல்லை. வயிற்றுக்கு என்ன செய்வது என்ற கவலை ஒருபக்கம். ஆனாலும் அவர்கள் தூங்கினார்கள்.

ராத்திரி வீட்டில் தூங்க முடியாது. செஞ்சி வட்டாரம் முழுக்கப் பாறைக் குன்றுகள். யாரோ கொண்டுவந்து அடுக்கினமாதிரி உருண்டைப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். பொழுது சாய்ந்ததும் பெண்கள், பிள்ளைகள், வயசானவர்கள் எல்லாம் கோணி, பாய், கோழி, ஆட்டுக்குட்டியோடு பக்கத்துக் குன்றுக்குப் போய்விடுவோம். விளக்கு ஏற்றக்கூடாது. பகல் முழுக்க வெயிலில் கிடந்த பாறை ராத்திரி கதகதப்பாக இருக்கும். அதன்மேல் கோணியை விரித்துப் படுத்தால் முதுகுவலிக்கு ஒத்தடம் கொடுத்தமாதிரி இருந்தது என்று பெரியம்மா சொல்வாள். விடிந்ததும் இறங்கி வந்து திரும்பப் படுப்பார்கள். சூரியன் ஏறின பிறகும் படுத்துக் கிடந்ததை, பகலில் வாசலில் உட்கார்ந்து ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்ததை, தாயம் ஆடினதை ஒவ்வொருத்தியும் சொல்கிறாள். கலியாணம் ஆகி வந்தநாள் முதல் பகலில் தலைவாரிக்கொண்டது அந்த வாரம்தான் என்று ஒருத்தி சொன்னாள். அவளுக்கு அப்போது கலியாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷம்.

ஆண்கள் கீழே காவல் இருந்தார்கள். தூங்காமல் இருக்கக் கதை வேண்டும். எங்கள் தாத்தா தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர். தேசிங்குராஜன் கதையை மெல்லிய குரலில் சொல்வார். குதிரையை அடக்கியது, நண்பன் கலியாணக் கோலத்தோடு சண்டைக்கு வந்தது, நவாப்பின் படை. சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, "எலே, அந்தக் குதிரைக்குப் புல்லு அறுத்துப் போட்டவன் பேரு இன்னாடா?" என்று கேட்பார். யாருக்கும் தெரியாது. "உங்கொப்பன் பாட்டன்தான்டா" என்பார். சத்தம் வராமல் சிரிக்க வேண்டும் என்பதால் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். புத்தகத்தில் இல்லாத செஞ்சி வரலாற்றை நான் முதலில் கேட்டது அந்த இருட்டில்தான்.

ஒரு வீட்டில் ரேடியோ இருந்தது. ராத்திரி பி.பி.சி. தமிழோசையைக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். அதே நாட்களில்தான் யாழ்ப்பாணம் நல்லூரில் திலீபன் தண்ணீர்கூடக் குடிக்காமல் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 15இல் தொடங்கி 26இல் உயிர்விட்டார். "தண்ணிகூடவா குடிக்கல அந்தப் புள்ள?" என்று ஆயா கேட்டுக் கேட்டு அழுதாள். கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு பிள்ளை சாவதற்கு அழுதுகொண்டிருந்த எங்கள் தெரு அந்தநேரம் எந்த ரேடியோவிலும் இல்லை.

நத்தை, ஈசல், உப்புக்கண்டம்

செஞ்சிச் சந்தை வெள்ளிக்கிழமை. மறியலின் இரண்டாம் நாள். எங்கள் தெருவிலிருந்து யாரும் போகவில்லை. கருவாடு இல்லை, மொளகா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஊர்க்கடையில் கடன் சொல்லவும் வழி இல்லை. அப்படி இருந்தும் அந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் பட்டினி கிடக்கவில்லை.

புரட்டாசி முதல் வாரம். மானாவாரி மல்லாட்டை முற்றியிருந்தது. ஏரிப் புறம்போக்கில் நாலைந்து வீடுகள் போட்டிருந்ததைப் பிடுங்கி, பச்சையாகவே பானையில் உப்புப் போட்டு அவித்தார்கள். சனிக்கிழமை சாயந்தரம் ஒரு மழை. மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. றெக்கையைப் புடைத்துத் தள்ளி, புழுங்கலரிசியோடு வறுத்தால் அதற்கு ஈடு கிடையாது. வரப்பில் நண்டு, வாய்க்காலில் நத்தை. கீழே விழுந்த பனம்பழத்தைச் சுட்டு உரித்தால் தெருவே மணக்கும். வெட்டுப்பட்ட புளியமரங்கள் ரோட்டில் கிடந்தன. ஆள் இல்லாத நேரம் பார்த்து ஓடிப்போய்ப் பிள்ளைகள் பிஞ்சை உலுப்பிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் அதை மொளகா இல்லாமல் உப்பு மட்டும் வைத்துத் துவையல் அரைத்தார்கள். ரோட்டை அடைத்த மரம் எங்களுக்குத் துவையலாச்சு.

எல்லாவற்றுக்கும் மேல் உப்புக்கண்டம். ஆடியில் பங்குபோட்டு வாங்கின மாட்டுக்கறியை உப்பு, மஞ்சள் தடவிக் கயிற்றில் கோத்து உலர்த்திப் பானையில் கட்டி வைத்திருந்தார்கள். தணலில் சுட்டு அம்மியில் நசுக்கினால் ஒரு துண்டுக்கு ஒரு சட்டி கூழ் இறங்கும்.

இந்த இடத்தில் ஒரு விவாதம் இருக்கிறது. 1927இல் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டுக்கறியை விடச் சொன்னார். ஊரான் வீட்டில் மாடு செத்தால் இழுத்துப்போட்டு அறுத்துத் தின்பது சாதி ஏவிய வேலை. அதை விடுவது மானம். எங்கள் தாத்தா காலத்திலேயே அதை விட்டாயிற்று. நம் காசில் வாங்கி நம் கையால் உலர்த்தி வைத்த கறி வேறு. தொண்ணூறுகளில் தலித் பண்பாடு பற்றி நம் பத்திரிகைகளில் நடந்த விவாதங்களில் உணவைப் பற்றி நிறையப் பேசினோம். எதைக் காட்டி நம்மை இழிவென்றானோ அதையே கலகத்தின் அடையாளமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்றார்கள் சிலர். இல்லை, வறுமையின் உணவைக் கொண்டாடக்கூடாது என்றார்கள் சிலர். எங்கள் தெருப் பெண்களுக்கு இரண்டு பேச்சும் தெரியாது. அவர்கள் சொன்னது: "கடை தொறந்திருக்கும்போது நத்தை தின்னா கேலி பேசறான். கடை மூடுனப்ப நத்தைதான் சோறு போட்டுச்சி." இதில் கொண்டாட்டமும் இல்லை, வெட்கமும் இல்லை. ஊரான் கையை எதிர்பார்க்காத சாப்பாடு எது என்ற கணக்கு மட்டும் இருக்கிறது.

அந்த வாரம் ஒரு பெண் வயசுக்கும் வந்தாள். மாமன் வர வேண்டும். ரோட்டில் வர முடியாது. அவர் ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரை, கொல்லை வழியாக நடந்து, உளுந்தும் நல்லெண்ணெயும் சுமந்துகொண்டு விடியற்காலம் வந்து சேர்ந்தார். பறை அடிக்கவில்லை, அடித்தால் இருக்கிற இடம் தெரிந்துவிடும். பெண்கள் முணுமுணுத்த குரலில் பாடித் தண்ணி ஊற்றினார்கள். தெருவில் நடந்த சடங்குகளிலேயே அதுதான் நல்ல சடங்கு என்று அந்தப் பெண் இன்றும் சொல்கிறாள். அவளுக்கு இப்போது பேத்தி இருக்கிறது.

ஊர்த்தெருவிலிருந்து ஒருத்தி

ஐந்தாம் நாள் சாயந்தரம் ஊர்த்தெருவிலிருந்து ஒரு அம்மா கொல்லை வழியாக வந்தாள். என் பெரியம்மாவோடு வருஷக்கணக்காக நடவுக்கும் களையெடுப்புக்கும் ஒரே வரிசையில் நின்றவள். சொந்தமாக அரைக்காணி நிலம் உண்டு, அதுவும் அடமானத்தில். வரப்பில் நின்றபடியே, "ஏய், இன்னிக்கி ராத்திரி வூட்டுல இருக்காதீங்கடி. வெளியூர்ப் பசங்க வந்துருக்கானுங்க" என்றாள். அவளுடைய மகன் போலீசுக்குப் பயந்து மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை. அதைச் சொல்லும்போது அவளுக்கு நாக்கு உலர்ந்தது. பெரியம்மா சொம்பில் மோர் கொண்டுவந்தாள். அவள் ஒருமுறை திரும்பி ஊர்ப்பக்கம் பார்த்தாள். பிறகு வாங்கி, வாய் வைத்தே குடித்தாள். "உப்பு கம்மியாருக்கு" என்றாள். இரண்டுபேரும் சிரித்தார்களாம்.

அன்று ராத்திரி எங்கள் தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் சொன்னதாலா, வந்தவர்கள் வேறு பக்கம் போனதாலா என்று யாரால் சொல்ல முடியும்? சாதி மனுஷருக்குள் மனுஷராக இறங்கியிருக்கிறது. பயம் இரண்டு பெண்களையும் ஒரே வரப்பில் நிற்கவைத்த அரைமணி நேரத்துக்கு அது விலகி நின்றது. இதை ஒற்றுமை என்று பெரிதாக எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் அந்த அம்மாவுக்குச் செய்கிற துரோகம்.

எட்டாம் நாள்

24ஆம் தேதி வியாழக்கிழமை. மறியல் முடிந்தது. மரங்களை அறுத்து ஓரம் தள்ளினார்கள். பஸ் வந்தது. பால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. பெண்கள் பாலைக் கறந்து அளந்து ஊற்றினார்கள். ஏழு நாள் தவணை பாக்கி என்றார் அவர். விடியற்காலை நாலு மணிக்குக் கூடையும் துடைப்பமுமாகச் சாணி அள்ளப் போனார்கள். ஏழு நாள் சாணி மலையாகக் குவிந்து கிடந்தது. டீக்கடை திறந்தது. கிளாஸ் எரவாணத்தில் அப்படியே இருந்தது, ஒட்டடை படிந்து. வரப்பில் மோர் குடித்த அம்மா அடுத்த வாரம் களையெடுப்பில் பார்த்தபோது தண்ணீரைத் தூக்கித்தான் ஊற்றினாள். பெரியம்மா கையைக் குவித்துத்தான் குடித்தாள்.

நிலைமை சகஜமாகிவிட்டது என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் அரசு அறிவிக்கிறதே, அந்தச் சகஜம் இதுதான். எங்கள் பிள்ளைகளுக்குப் பால் நின்றதும், எங்கள் பெண்களுக்குத் தூக்கம் போனதும், எங்கள் ஆட்களின் கை திரும்ப எரவாணத்துக்குப் போனதும்தான் அரசு மொழியில் சகஜநிலை.

அந்த ஏழு நாளின் சந்தோஷங்களை நான் எழுதுவது, கஷ்டத்திலும் நம் சனம் சிரிக்கும் என்று பெருமைப்பட இல்லை. அந்தப் பெருமை ஆள்கிறவனுக்குத்தான் வசதி. நான் கேட்பது இதுதான்: உயிர்ப்பயம் பிடித்த ஒரு வாரத்தில் கிடைத்த பாலும் தூக்கமும் லோட்டாக் காப்பியும் பயமில்லாத மற்ற வாரங்களில் ஏன் கிடைக்கவில்லை? கலவர வாரத்தின் சின்னச் சந்தோஷங்களைப் பட்டியல் போட்டால், அமைதியான வாரங்களில் நம்மிடமிருந்து என்னென்ன எடுத்துப் போகப்படுகிறது என்ற பட்டியல் தானாகவே கிடைத்துவிடுகிறது. கலவரத்தை மட்டும் எழுதி அமைதியை எழுதாமல் விட்டால் பாதி வரலாறுதான் எழுதினதாகும்.

குடிசை எரிந்த ஊர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே மாடும் போச்சு, உப்புக்கண்டப் பானையும் போச்சு. எங்கள் தெரு தப்பித்த தெரு. தப்பித்ததால்தான் பாலைப் பற்றிப் பேச முடிகிறது.

1989இல் தி.மு.க. அரசு பிற்படுத்தப்பட்டோருக்கான 50 விழுக்காட்டைப் பிரித்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் சேர்த்து 20 விழுக்காடு ஒதுக்கியது. 1993இல் தென்னார்க்காடு இரண்டாக உடைந்து விழுப்புரம் தனி மாவட்டமானது. சுடப்பட்டவர்கள் உட்பட அந்த 21 பேருக்கும் 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் அரசு மணிமண்டபம் திறந்தது. கேட்டது கொஞ்சமாவது கிடைத்தது, செத்தவர்களுக்கு மரியாதை கிடைத்தது. நல்லது. அதே வாரத்தில் எரிந்த கூரைகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கல் நம் கையில் இல்லை. காகிதம் இருக்கிறது. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டிப் பக்கம் இருந்து படிக்க வந்திருக்கிற மாணவத் தோழர்கள் இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். அறுபது வயதைத் தாண்டிய பெண்களிடம் உட்காருங்கள். மறியல் வாரத்தில் யார் அடித்தார்கள், யார் கொளுத்தினார்கள் என்று கேளுங்கள். அதோடு நிறுத்தாமல், அந்த வாரம் அடுப்பில் என்ன வெந்தது, பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தீர்கள், எங்கே படுத்தீர்கள், எதற்குச் சிரித்தீர்கள் என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்கிற வார்த்தையை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அந்த வாரத்தில் நாற்பது வயதாக இருந்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். வரக்காப்பி போட்ட ஆயாவும் போய்விட்டாள்.